வலி குறைந்ததா என்பதை ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள்பட்ட மூட்டுவலி, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலி, முதுகுவலி ஆகியவற்றுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழின் மருத்துவ இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். ஊசி, மாத்திரை, அறுவை சிகிச்சை, இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுதல் என ஒவ்வொன்றும் எத்தனை நாளில் வலியைக் குறைக்கும் என்று அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். திருப்பூரில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றிவரும் எனக்கு அந்த அளவுகோலே பொருந்தாததாகப் படுகிறது. மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் நீடிக்கும் ஒரு வலிக்குச் சிகிச்சை தேடுபவர் கேட்க வேண்டியது, "ஒரு வருடம் கழித்து நான் எப்படி இருப்பேன்?" என்பதுதான். "எத்தனை நாளில் குறையும்?" என்ற கேள்விக்கும் இந்தக் கேள்விக்கும் பல நேரங்களில் நேரெதிரான விடைகள் கிடைக்கின்றன.

முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் 'டென்னிஸ் எல்போ'வை எடுத்துக்கொள்வோம். டென்னிஸ் மட்டையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களுக்குத்தான் எங்கள் ஊரில் இது அதிகம் வருகிறது. பனியன் கம்பெனியில் கத்தரி பிடிக்கும் கட்டிங் மாஸ்டர்களும், துணியை இழுத்துப் பிடித்தபடி நாள் முழுவதும் ஓவர்லாக் மெஷின் ஓட்டும் பெண்களும் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்களிலேயே வலி மாயமாகிவிடும். அதைப் போல விரைவாக வேலை செய்யும் சிகிச்சை வேறு இல்லை. ஆஸ்திரேலியாவில் இந்த வலியுள்ள 165 பேரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 96 விழுக்காட்டினர் ஒரு வருட முடிவில் முழுமையாகவோ பெருமளவிலோ குணமடைந்திருந்தார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களில் அந்த அளவுக்குத் தேறியவர்கள் 83 விழுக்காட்டினர் மட்டுமே. வலி திரும்பி வந்த கணக்கு இன்னும் கவலைக்குரியது: உப்புநீர்க் குழுவில் 12 விழுக்காடு, ஸ்டீராய்டு குழுவில் 54 விழுக்காடு. முதல் மாதத்தில் முந்தி நின்ற சிகிச்சை, வருடக் கடைசியில் ஒன்றுமே செய்யாததைவிடப் பின்தங்கிப்போனது. அதே ஆய்வில், இயன்முறை சிகிச்சை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஒரு வருட முடிவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பொறுத்திருந்தால் உடலே பெரும்பாலும் ஆற்றிக்கொள்ளும் வலி அது.

என்னிடம் வந்த ஒரு கட்டிங் மாஸ்டர் 14 மாதங்களில் 4 ஊசிகள் போட்டுக்கொண்டவர். முதல் ஊசி 3 மாதம் தாங்கியது. இரண்டாவது 6 வாரம். மூன்றாவது 12 நாள். நான்காவது போட்ட அன்றிரவே வலித்தது. பீஸ் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு அவரே குறித்து வைத்திருந்த விவரம் இது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மணல் போட்டு, முன்கையை மேசை விளிம்பில் கிடத்தி, மணிக்கட்டை மெதுவாக இறக்கவும் ஏற்றவும் சொல்லிக்கொடுத்தேன். வாரந்தோறும் இன்னும் ஒரு கைப்பிடி மணல் கூடியது. ஐந்தாவது வாரம்வரை பயனொன்றும் தெரியவில்லை என்று என்மீது கோபமாகவே இருந்தார். நான்காம் மாதம் பாட்டில் நிறைந்தது. ஊசியில்லாமல் இப்போது இரண்டு தீபாவளி சீசனைக் கடந்துவிட்டார். ஒருவர் கதையை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆனால், அந்த நோட்டுப் பக்கம் செய்ததைத்தான் மருத்துவக் கட்டுரைகளும் செய்ய வேண்டும் என்கிறேன்.

குதிகாலுக்கு மேலேயுள்ள தசைநாணுக்கும் இதே வழிதான். 1998-இல் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட்சன் குழுவினர், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களை ஒரு படியின் விளிம்பில் நிறுத்தி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை நாளொன்றுக்கு 180 முறை, 12 வாரங்கள் செய்ய வைத்தார்கள். 15 பேரும் மீண்டும் ஓடினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் வலிக்கும் தசைநாணுக்கு ஓய்வு கொடுப்பதைவிடப் படிப்படியாகப் பாரம் கொடுப்பதே மருந்து என்ற எண்ணம் அதன் பிறகே வலுப்பெற்றது. அவரவர் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துச் செலுத்தும் பி.ஆர்.பி. ஊசிக்கு இன்று பெரிய விளம்பரம் இருக்கிறது. குதிகால் தசைநாண் வலிக்காக 240 பேரிடமும், முழங்கால் மூட்டு வலிக்காக 288 பேரிடமும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2021-இல் வெளியாயின. இரண்டிலும் அது, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாமல் செய்யும் போலிச் சிகிச்சையைவிட வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை.

முழங்காலுக்கு வருவோம். 'தேய்மானம்' என்ற சொல்லே பாதிப் பேரை முடக்கிவிடுகிறது. டயருக்கும் செருப்புக்கும் சொல்லும் சொல்லை மூட்டுக்குச் சொல்லும்போது, "நடந்தால் இன்னும் தேயும்" என்ற முடிவுக்கு நோயாளி தானாகவே வந்துவிடுகிறார். அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர், வாசலில் கோலம் போடுவதையும் மாடிப்படி ஏறுவதையும் நிறுத்தி, கடைசியில் கோயிலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். மிச்சமிருக்கும் எலும்பைச் சேமிப்பதாக நினைத்திருந்தார். மூட்டில் உள்ள குருத்தெலும்புக்குத் தனி இரத்த ஓட்டம் கிடையாது. அழுந்தி விடும்போது உள்ளே போய்வரும் மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. பயன்படுத்தாத காலில் முதலில் தொடைத் தசை மெலிகிறது, பிறகு மூட்டு தள்ளாடுகிறது, வலி கூடுகிறது. இது 'தேய்ந்துவிட்டது' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காது.

இங்கும் காலக் கணக்கைப் பாருங்கள். முழங்கால் மூட்டுவலி உள்ள 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை வீதம் 2 ஆண்டுகள் ஸ்டீராய்டு ஊசியோ உப்புநீர் ஊசியோ போட்ட அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. 2 ஆண்டு முடிவில் வலியில் வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போட்ட முழங்கால்களில் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்திருந்தது. 2020-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு 156 பேரில் ஊசியையும் இயன்முறை சிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. வலியையும் இயலாமையையும் சேர்த்து அளக்கும் மதிப்பெண், குறைந்தால் நல்லது. ஒரு வருட முடிவில் ஊசிக் குழுவில் அது 55.8 ஆகவும், இயன்முறைக் குழுவில் 37 ஆகவும் இருந்தது.

அறுவை சிகிச்சையை நான் எதிர்க்கவில்லை. முற்றிய நிலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பலரை மீண்டும் நடக்க வைத்திருப்பதைக் கண்ணால் கண்டவன் நான். டென்மார்க்கில் 100 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது; கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்கே அதிகம் வந்தன. உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து ஆகியவை மட்டும் பெற்றவர்களில் அந்த ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 26 விழுக்காட்டினர் மட்டுமே. மாற்று மூட்டின் விலைக்கு 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தபின் அது எட்டும் தொலைவுக்கு வந்திருப்பது நல்லதே. ஆனால், மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பார்க்காத ஒருவர் அறுவைத் தேதி குறித்துக்கொண்டு வருவதைக் காணும்போது மனம் கேட்பதில்லை.

முதுகுவலியில் ஒப்பீடு தொடங்கும் முன்பே எம்.ஆர்.ஐ. படம் முடிவைச் சொல்லிவிடுகிறது. 'டிஸ்க் விலகிவிட்டது' என்று எழுதிய தாளைப் பார்த்தவர் அதன்பின் குனியவே அஞ்சுகிறார். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று, 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருப்பதைக் காட்டியது. நரை போல, வயதோடு வருவது அது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மக்கள் எங்கள் கிளினிக்கை 'கரண்ட் வைக்கும் இடம்' என்றே அழைக்கிறார்கள். அப்படி அழைக்கப் பழக்கியவர்கள் நாங்கள்தான். நாள்பட்ட இடுப்புவலி குறித்து 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, இடுப்பு பெல்ட், முதுகை இழுத்துவைக்கும் ட்ராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், தோல்மேல் கரண்ட் வைப்பது, அபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மாத்திரை ஆகியவற்றைப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம், மனநல அணுகுமுறைகள், மசாஜ், குறிப்பிட்ட சில வலிமாத்திரைகள் ஆகியவை பரிந்துரைப் பட்டியலில் இருக்கின்றன. படுக்க வைத்து 20 நிமிடம் கரண்ட் வைத்து அனுப்புவது எனக்கும் எளிது, வருபவருக்கும் சுகம். என் அறையிலும் அந்த இயந்திரம் பல வருடங்கள் ஓடியது. இன்று அதைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன். உடற்பயிற்சியின் பலனும் மிதமானதுதான் என்பதை வருபவர்களிடம் முதல் நாளிலேயே சொல்கிறேன். ஆனால் செலவில்லாத நடைப்பயிற்சியே முதுகுவலி திரும்பி வருவதைத் தள்ளிப்போடுகிறது: 701 பேர் பங்கேற்று 2024-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வழிகாட்டுதலோடு நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர 208 நாட்கள் ஆயின; அந்த வழிகாட்டுதல் பெறாதவர்களுக்கு 112 நாட்கள்.

சில வலிகள் மட்டும் காத்திருக்கக் கூடாதவை. கால் மரத்துப் பலமிழத்தல், சிறுநீர் கட்டுப்பாடு போதல், முதுகுவலியோடு காய்ச்சலும் எடை இழப்பும், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மூட்டுகள் வீங்கி விறைத்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் மறந்துவிட முடியாது. பெயரில்லாத டப்பாவில் 'மூலிகைப் பொடி' என்று விற்பதை வாங்கிச் சாப்பிடுவோரும் கவனிக்க வேண்டும். இரண்டே நாளில் எல்லா மூட்டு வலியும் பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பதே நல்லது.

தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. வலி சிகிச்சை பற்றி எந்தக் கட்டுரை வந்தாலும், அதிலுள்ள பலன் எத்தனை மாதத்தில் அளந்தது என்பதை ஒரு வரியில் சேர்த்து வெளியிடுங்கள். அடுத்தது அரசின் கவனத்துக்கு: 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அவ்வாறு செல்பவர்கள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 30 விநாடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை முதல் நாளிலும் ஒரு வருடம் கழித்தும் குறித்துவைத்தால், எந்தச் சிகிச்சை நம் மக்களுக்கு நின்று பலன் தருகிறது என்பதற்கு நம்மிடமே கணக்கு இருக்கும். அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கைக்கடிகாரமும் போதும். முன்பு சொன்ன அந்த அம்மா முதல் நாளில் 4 முறை எழுந்தார். சென்ற மாதம் 11 முறை.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
திருப்பூர்.