இலைச்சாற்றோடு நிற்கும் எம்.எஸ்சி. புராஜெக்டுகள்

காவிரி டெல்டா கல்லூரிகளின் வேதியியல் துறைத் தலைவர்களுக்கும் புராஜெக்ட் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வைவாவுக்கு வெளித்தேர்வாளராக வந்து போகிறவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

மேசையில் அடுக்கியிருக்கும் ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி. நிலவேம்பையோ கீழாநெல்லியையோ நிழலில் உலர்த்திப் பொடித்து, சாக்ஸ்லெட் என்ற சாறிறக்கும் கருவியில் மெத்தனாலோடு ஓடவிட்டு, குடுவையில் ஒட்டிக்கொள்ளும் கரும்பச்சைப் பிசினைச் சுரண்டி எடுக்கிறார்கள். பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் ஈகோலை வளராத வட்டத்தை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். அப்புறம் முடிவுரையில் துணிச்சலாக ஒரு வரி: இது மலேரியாவுக்கும் மருந்தாகலாம்! மலேரியா ஒட்டுண்ணி அகாரில் வளராது, ஐயா. அதற்கு மனிதச் சிவப்பணு வேண்டும். அப்படித் தொடர்ந்து வளர்க்கும் முறையே 1976இல்தான் கைகூடியது. அந்த வரியை எழுதிய பிள்ளைகளைவிட, படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு மாணவருக்காவது, செடியில் இருக்கும் சேர்மத்தையோ அதன் சாயலில் ஒன்றையோ ஆய்வகத்தில் செய்துபார்க்கும் புராஜெக்டைக் கொடுங்கள்.

மலேரியா மருந்துகள் அப்படி வளர்ந்தவைதானே. 1972இல் சீன விஞ்ஞானி து யூயூவின் குழுவினர் ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியிலிருந்து மலேரியாவுக்கு எதிரான ஆர்ட்டிமிசினினைப் பிரித்தார்கள். (கும்பகோணம் பூக்கடை மரிக்கொழுந்தும் அதே பேரினம்தான், அதற்காக அதைக் கஷாயம் வைத்துக் குடித்துவிட வேண்டாம்.) அந்தச் சேர்மம் நீரிலும் எண்ணெயிலும் சரிவரக் கரையவில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் பெராக்சைடு பாலத்தை (இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பிணைந்த பகுதி) தொடாமல், அதே மூலக்கூறின் லாக்டோன் வளையத்திலுள்ள கார்பனைலை (C=O தொகுதி) மட்டும் ஒடுக்கி, அந்த இடத்தில் வேறு தொகுதிகளைச் சேர்த்தார்கள். எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமீத்தரும், ஊசியாகப் போடக்கூடிய ஆர்ட்டிசுனேட்டும் அப்படி வந்தவை. செடி கொடுத்தது பாதி, குடுவை கொடுத்தது பாதி.

‘அதெல்லாம் பெரிய லேப் வேலை, நம்மால் ஆகுமா?’ என்பீர்கள். ஆகும். நிலவேம்பு வேரிலிருந்து பிரித்த சாந்தோன்கள் (மூன்று வளையங்கள் ஒட்டிய சேர்மங்கள்) மலேரியா ஒட்டுண்ணிக்கு எதிராக ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கின்றன. சாந்தோன் வளையத்தைக் கட்டுவதற்கு குரோவர், ஷா, ஷா என்ற நம் நாட்டு வேதியியலாளர்கள் 1955இலேயே வழி சொல்லிவிட்டார்கள். சாலிசிலிக் அமிலத்தையும் புளோரோகுளுசினாலையும் துத்தநாக குளோரைடு, பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடோடு சூடாக்கி, ஆறவைத்துப் பனிக்கட்டியில் மெல்ல ஊற்றினால் 1,3-டைஹைட்ராக்சி சாந்தோன் வந்து விழும். சிலிக்கா தட்டில் புள்ளி வைத்து யுவி விளக்கில் பார்க்கும்போது மாணவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஆனால் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் சரியாக இழுக்காத லேபில் பாஸ்பரஸ் ஆக்ஸிகுளோரைடு பாட்டிலைத் திறக்கவே கூடாது. இதில் சிக்கனம் வேண்டாம்.

சோதனைக்கும் முதல் கட்டத்தில் ஒட்டுண்ணி தேவையில்லை. ஒட்டுண்ணி சிவப்பணுவின் ஹீமோகுளோபினைத் தின்கிறது; மிஞ்சும் ஹீம் (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) அதற்கே நஞ்சு என்பதால் படிகமாக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயின் தடுப்பது அந்தப் படிகமாதலைத்தான். சில சாந்தோன்களும் தடுக்கின்றன. இதை ஹீமின் என்ற ஹீம் வகைச் சேர்மம், அசிட்டேட் பஃபர், உங்கள் துறையில் இருக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இவற்றைக் கொண்டே பார்க்கலாம். அதில் தேறுவதை மட்டும், ஒட்டுண்ணி வளர்க்கும் வசதியுள்ள நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். டெல்லியில் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் எடுக்க ஐஐடி மெட்ராஸ் இருக்கிறது.

தேறாவிட்டால்? தேறவில்லை என்றே ரிப்போர்ட்டில் எழுதட்டும். வைவாவில் அதற்காக நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

இன்னொன்று. ஒரு கல்லூரியில் நல்ல ஹூட் இருக்கும், பக்கத்து ஊர்க் கல்லூரியில் கரைப்பானை ஆவியாக்கி அகற்றும் ரோட்டரி எவாப்பரேட்டர் சும்மா தூசி படிந்து கிடக்கும். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவுதான். துறைத் தலைவர்கள் போனில் பேசிக்கொண்டாலே பாதிச் செலவு குறையும். டிசம்பரில் புராஜெக்ட் தலைப்பு கொடுப்பதற்குள் பேசிவிடுங்கள். முதல் தடவை வினையை ஓடவிட ஆள் வேண்டுமென்றால், சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வெளித்தேர்வாளர் ஒருவர்