ஏலப் பணம் எங்கே போகிறது?

ஐயா,

தேவாலயத்தில் காணிக்கையாக வரும் விளைபொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் ஒரு வாழைத்தார் எவ்வளவுக்குப் போனாலும் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தப் பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் ஆலயத்தில் கோபுரம், ஏசி, எல்இடி திரை என்றே கணக்கு முடிந்துவிடுகிறது.

வேதாகமத்தில் லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவான் யாரிடமும் திருடியதாக எழுதப்படவில்லை. வாசலில் கிடந்த ஏழை லாசருவைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். இயேசுவைச் சந்தித்த பணக்கார வரி வசூலிப்பாளன் சகேயுவோ சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னான். நாம் பாதியெல்லாம் கொடுப்போமா, சந்தேகம்தான்! சரி, ஏலப் பணத்தில் பத்தில் ஒரு பங்காவது? சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில், வெளியூர் நோயாளிகளுக்குத் துணையாக வந்திருப்பவர்களின் சாப்பாட்டுக்கு அதை ஒதுக்கலாம். ஆண்டுக் கணக்கில் அதைத் தனியாகக் காட்டவும் வேண்டும்.

- ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை