நாகர்கோவில் வானொலியின் நேரத்தை நாகர்கோவிலுக்கே விடுங்கள்

அகில இந்திய வானொலியை நடத்தும் பிரசார் பாரதி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

மாநிலத்துக்கு ஒரே நிகழ்ச்சி போதும், மற்ற நிலையங்கள் அதை அப்படியே வாங்கி அஞ்சல் (மறுஒலிபரப்பு) செய்துகொள்ளட்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. செலவைப் பார்த்தால் அது சரியாகக்கூடத் தோன்றும். ஆனால் நாகர்கோவிலில் கோணம் என்ற பகுதியில் இருக்கும் நிலையம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அது. 1984 அக்டோபரில் தொடங்கியது. அதுவரை அகில இந்திய வானொலியின் ஒவ்வொரு நிலையமும் பல மாவட்டங்களுக்குச் சேர்த்தே பேசியது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஒருபக்கம் திருநெல்வேலியையும் மறுபக்கம் திருவனந்தபுரத்தையும் கேட்டார்கள். ஒரே மாவட்டத்துக்கென்று ஒரு நிலையம் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை நாகர்கோவிலில்தான் நடந்தது. அப்புறம்தான் ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாடெங்கும் உள்ளூர் நிலையங்கள் பெருகின.

சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான மாவட்டம் அமைந்திருக்காது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நிலம் இது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி ஜூனில் காய்ந்து கிடக்கும்போது இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். நெல் பருவங்கள் டெல்டாவில் குறுவை, சம்பா என்றால் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ. மேற்கே குலசேகரம் பக்கம் போனால் ரப்பர். தஞ்சாவூர் வயலை மனதில் வைத்துத் தயாரித்த வேளாண் நிகழ்ச்சி தோவாளைப் பூ விவசாயிக்கும் குலசேகரத்தில் பால்வெட்டப் போகிறவருக்கும் எந்த வகையில் உதவும்?

கடலைப் பாருங்கள். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடை கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டும் உண்டு. சின்னமுட்டத்துக்கு ஒரு தேதி, குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் வேறொரு தேதி. சென்னையில் உட்கார்ந்து மாநிலம் முழுவதற்கும் பேசுகிறவருக்கு இது ஒரு வரிச் செய்தி. இங்கே அது இரண்டு மாத வருமானம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தின் மின்கம்பங்களையும் ரப்பர் தோட்டங்களையும் வாழைகளையும் சாய்த்தது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் தொலைக்காட்சி கிடையாது, கைபேசியில் சார்ஜ் நிற்காது. பேட்டரியில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டிதான் மிச்சம். பண்பலை ஆழ்கடல் வரை எட்டாது, தூத்தூர் மீனவர் போகும் தூரத்துக்கு அது தீர்வில்லை என்பதும் தெரியும். ஆனால் கரையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு எட்டும். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறக்கிறார்களா, எந்தச் சாலை துண்டிக்கப்பட்டது, எந்தப் பள்ளியில் முகாம் என்று அந்த நேரத்தில் சொல்ல இந்த ஊரை அறிந்த குரல் வேண்டும். சாதாரண நாட்களில் தினமும் பேசிப் பழகாத நிலையம் பேரிடர் வந்த அன்றைக்குத் திடீரென்று பேசிவிட முடியாது.

காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லிவிட்டது. விளம்பரம் கிடைக்கும் இடத்தில் தனியார் பண்பலைகள் வரும். கும்பப்பூ நடவைப் பற்றிப் பேச எந்த விளம்பரதாரரும் பணம் தரமாட்டார். அந்த வேலை உங்களுடையது.

அதனால் கேட்பது இதுதான். காலையிலும் மாலையிலும் உள்ளூர் நிகழ்ச்சிக்கான நேரத்தை அஞ்சலுக்குக் கொடுக்காதீர்கள். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு நீரோடிக்கும் பேச்சிப்பாறை காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கும் போய்வர ஆளும் வண்டியும் கொடுங்கள். 1984 முதல் பதிவான வில்லுப்பாட்டுகளிலும் நேர்காணல்களிலும் என்னென்ன கையிருப்பில் இருக்கின்றன என்று ஒரு பட்டியலைப் பொதுவில் வையுங்கள். நிலையத்தின் நிகழ்ச்சி நேரம் பற்றி அடுத்த முடிவு எடுக்கும் முன், டெல்லியிலோ சென்னையிலோ அல்லாமல், கோணத்தில் நேயர்களைக் கூட்டிக் கேளுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
கன்னியாகுமரி மாவட்ட நேயர் ஒருவர்