வார்சாவில் வேலை பார்க்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

ஏப்ரல் 10 அன்று உன் அலுவலகத்தில், 2010இல் போலந்து ஜனாதிபதியின் விமானம் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் அருகே விழுந்தது பற்றிய பேச்சு எழுந்ததும் இருவர் சாப்பாட்டை விட்டு எழுந்து போனதாக எழுதியிருந்தாய். விபத்தா, சதியா என்ற அந்த வழக்கில் நீ எந்தப் பக்கமும் சேர வேண்டாம். அடர்ந்த மூடுபனிக்குள் இறங்கக்கூடாத உயரத்துக்கு விமானம் இறங்கியது என்று ரஷ்ய விசாரணையும் போலந்தின் அரசு விசாரணையும் 2011இலேயே சொல்லிவிட்டன. பின்னரும் வழக்கு ஓயவில்லை. அந்தப் பிளவுக்கு முன்பு, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இங்கே இலண்டனில் நாங்கள் பார்த்த துக்கத்தைத்தான் உனக்குச் சொல்ல நினைக்கிறேன்.

2010இல் அது ஒரு சனிக்கிழமை. ஜனாதிபதி லேக் கச்சின்ஸ்கி, அவருடைய மனைவி மரியா, முப்படைத் தளபதிகள், மத்திய வங்கித் தலைவர், நாடாளுமன்ற உறுப்பினர்கள் என 96 பேர் சென்ற விமானத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 1940இல் சோவியத் இரகசியப் பொலிஸார் ஏறத்தாழ 22,000 போலந்துக்காரரைச் சுட்டுக் கொன்ற கத்தின் படுகொலைகளின் 70ஆம் ஆண்டு அஞ்சலிக்காகவே அவர்கள் புறப்பட்டிருந்தார்கள்.

வார்சாவுக்கு அது ஜனாதிபதியின் சாவு. இலண்டன் போலந்துக்காரருக்கு அதனுடன் இன்னொரு சாவும் சேர்ந்திருந்தது. அதே விமானத்தில் 90 வயதான ரிஷார்ட் கச்சொரோவ்ஸ்கியும் இருந்தார். இளமையில் சோவியத் நீதிமன்றத்தில் மரண தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டு, கொலிமா கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து மீண்டு இத்தாலியின் மொன்டே கசினோவில் போரிட்டவர். பிறகு இந்த நகரத்தில் கணக்காளராக வேலை செய்து, புலம்பெயர்ந்த பிள்ளைகளின் சாரணர் இயக்கத்தை வளர்த்தவர். இரண்டாம் உலகப் போரில் நாட்டை விட்டு வந்து இலண்டனில் இயங்கிய புலம்பெயர் போலந்து அரசின் கடைசி ஜனாதிபதியாக, 1990 டிசம்பரில் பதவிச் சின்னங்களை போலந்தில் மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி லேக் வலென்சாவிடம் ஒப்படைத்தவரும் அவரே. முகம் தெரிந்த ஒருவரை இழந்த வீட்டின் துக்கம்தான் எங்கள் அடுத்த வீட்டுக் கிழவரிடம் இருந்தது. அவர் ‘ஜனாதிபதி’ என்று சொல்லவேயில்லை, ‘எங்கள் சாரணர் தலைவர்’ என்றே சொன்னார்.

போர்ட்லண்ட் பிளேஸில் இருக்கும் தூதரகத்துக்கு அவரை நான்தான் கூட்டிப் போனேன். வாசற்படி ஓரத்தில், காற்று அணைத்துவிடாதபடி மூடியிட்ட சிவப்புக் கண்ணாடி விளக்குகள் நெருக்கமாக எரிந்துகொண்டிருந்தன. கோட்டில் பதக்கம் குத்திய முதியவர்களுக்குப் பின்னால், 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வேலை தேடி வந்த இளைஞர்கள், சிலர் கட்டட வேலைச் சப்பாத்தோடேயே, இரங்கல் ஏட்டில் எழுதக் காத்துநின்றார்கள். இந்த இரு தலைமுறையும் மற்ற நாட்களில் அவ்வளவாக ஒட்டாது. முதியவர்களுக்கு இளையவர்கள் காசுக்காக வந்தவர்கள், இளையவர்களுக்கு முதியவர்கள் இல்லாத ஒரு போலந்தில் வாழ்பவர்கள். ஊரை விட்டு வந்த எந்தச் சமூகத்திலும், நம்முடையதிலும், இந்த முறுகல் உண்டு என்பது உனக்குத் தெரியாததல்ல.

முதியவர்களுக்கு இது இரண்டாவது முறை என்பதையும் கிழவர் சொல்லித்தான் அறிந்தேன். 1943இல் ஜிப்ரால்டரில் விமானம் கடலில் விழுந்து பிரதமர் சிக்கோர்ஸ்கி இறந்தபோதும் இதே நகரத்தில்தான் அவர்களுடைய அரசு இருந்தது. இங்கே கன்னர்ஸ்பரி மயானத்தில் 1976இல் கத்தின் நினைவுத்தூண் எழுப்பியபோது, கொன்றது யார் என்பதைக் காட்டிவிடும் ‘1940’ என்ற ஆண்டை (ஜெர்மானியர் அங்கே வந்தது 1941இல்தான், சோவியத் அரசோ பழியை அவர்கள்மேல் போட்டிருந்தது) பொறிக்கவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. சோவியத் அரசு குற்றத்தை ஒப்புக்கொண்டது 1990இல்தான். அரசுகள் சொல்வதை உன் அலுவலக நண்பர்கள் சிலர் ஏன் எளிதில் நம்புவதில்லை என்பதை இதை வைத்துப் பார். நம்பாததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை.

கச்சொரோவ்ஸ்கியை வார்சாவின் தெய்வப் பராமரிப்புத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012இல் கல்லறையைத் திறந்தபோது உள்ளே இருந்தது வேறொருவரின் உடல் என்று தெரியவந்தது. பிறகுதான் அவருடைய உடலை அங்கே அடக்கம் செய்தார்கள். அந்தச் செய்தி வருமுன்பே கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அது ஒருவகையில் நல்லதே.

எழுந்து போன அந்த இருவரில் ஒருவரோடு உனக்குப் பழக்கம் உண்டென்றால், யார் குற்றவாளி என்று கேளாதே. அந்தச் சனிக்கிழமை அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று கேள், சொன்னால் எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா