அந்த 'நாட்' நிற்கும் இடம்

நாகர்கோவில்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மக்களே,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் அழுதது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியில் உனக்கு டியூட்டி முடிந்த நேரம், இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. "இங்கிலீஷில் நாட்-டை எங்கே வைத்தால் என்னம்மா, எல்லாம் ஒன்றுதானே" என்று கேட்டாய். ஒன்றில்லை மக்களே. அதைச் சொல்லத்தான் இன்று சர்ச்சிலிருந்து வந்ததும் பேனாவை எடுத்தேன்.

நீ சொன்ன இரண்டு வரியையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன பெரியவர். இடது காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவரும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலைத் தரையில் படவிடாமல் பாத்ரூம் வரை போய் வந்தார். நீ எழுத நினைத்தது, 'ஹி வாஸ் கேர்ஃபுல் நாட் டு புட் வெயிட் ஆன் த லெஃப்ட் லெக்'. வார்டு குறிப்பேட்டில் கை எழுதியது, 'ஹி வாஸ் நாட் கேர்ஃபுல் டு புட் வெயிட்'. வார்டு சிஸ்டர் முதல் நான்கு சொல்லிலேயே நின்றிருப்பார்: இந்த மனுஷன் கவனமாக இல்லை. அப்புறம் இடது கால், வெயிட் என்று வந்தால் வேறென்ன நினைப்பார்? அவ்வளவு பாடுபட்டு நடந்தவருக்குத் திட்டு விழுந்தது. உன் அழுகை அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும். உன்னைத் திட்டியதற்காக நீ அழுதிருக்க மாட்டாய்.

ஏன் இப்படி ஆகிறது என்று இரண்டு நாளாக யோசித்தேன். தமிழில் இந்தத் தப்பு நடக்கவே வழியில்லை. 'காலை ஊன்றாமல் கவனமாக நடந்தார்' என்கிறோம். மறுப்பு 'ஊன்றாமல்' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதைப் பிய்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது. ஆங்கிலத்தில் 'நாட்' தனிச்சொல். எதற்கு முன்னால் நிற்கிறதோ அதை மறுக்கும். நம் பிள்ளைகள் முதலில் படிக்கிற மறுப்பு வாக்கியமோ 'ஹி இஸ் நாட்', 'ஹி வாஸ் நாட்'. அது நாக்கில் ஊறிவிடுகிறது. அசதியாக இருக்கும்போது 'வாஸ்' வந்த உடனே 'நாட்' தானாக ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேர டியூட்டிக்குப் பிறகு உனக்கு நடந்தது அதுதான்.

ஆகவே உன் கை நிற்க வேண்டிய இடம் 'டு'-வுக்கு முன்னால். கேர்ஃபுல், அப்புறம் நாட், அப்புறம் டு. மறுப்பு செயலுக்கு, ஆளுக்கு அல்ல. 'கேர்ஃபுல் டு நாட் புட்' என்றும் சிலர் பேசுவார்கள், எழுதவும் செய்வார்கள். அர்த்தம் கெடாது. ஆனால் குறிப்பேட்டில் 'நாட் டு' என்றே எழுது, அதுதான் எல்லாருக்கும் பழகிய வரிசை.

இது கேர்ஃபுல்லோடு முடிந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். சில அட்ஜெக்டிவ்களில் 'நாட்' இடம் மாறினாலும் அர்த்தம் பெரிதாக மாறாது, அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. 'நாட் லைக்லி டு நீட் சர்ஜரி' என்றாலும் 'லைக்லி நாட் டு நீட் சர்ஜரி' என்றாலும் ஆபரேஷன் தேவைப்படாது போலிருக்கிறது என்றுதான் படும். இதில் பழகிய கை அடுத்து 'செர்ட்டன்' என்ற சொல்லுக்கு வரும். 'ஷி இஸ் நாட் செர்ட்டன் டு ரெகவர்' என்றால், குணமாகிவிடுவார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆகவும் ஆகலாம். 'ஷி இஸ் செர்ட்டன் நாட் டு ரெகவர்' என்றால் இனி குணமாக மாட்டார், முடிந்தது. அதே சொற்கள்தான், ஒன்றே ஒன்று இடம் மாறியிருக்கிறது. வாசலில் நிற்கிற மகனிடம் நீ இதில் எதைச் சொல்கிறாய் என்று யோசி. லைக்லியும் செர்ட்டனும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும், மறுப்பு வந்தால் இரண்டும் வேறு வேறு வழியில் போகும். இதை நான் முப்பத்தொரு வருஷம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில்லை. பாடப்புத்தகத்தில் இல்லை, நானும் தேடிப்போகவில்லை. இப்போது அது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் பார். உன் வேலையில் முக்கியமான கேள்வி, அந்தக் காரியம் நடந்ததா இல்லையா என்பது. 'லக்கி நாட் டு ஃபால்' என்றால் விழவில்லை. 'ஸாரி நாட் டு ஸீ ஹிஸ் டாட்டர்' என்றால் மகளைப் பார்க்கவில்லை. 'வைஸ் நாட் டு கெட் அப்' என்றால் எழுந்திருக்கவில்லை, அது புத்திசாலித்தனம் என்று எழுதுகிறவள் தீர்ப்பும் சொல்கிறாள். 'கேர்ஃபுல் நாட் டு' என்றாலும் படிக்கிறவர் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் 'டிட்டர்மின்ட் நாட் டு', 'கீன் நாட் டு', 'ஆங்ஷியஸ் நாட் டு' இவையெல்லாம் மனசை மட்டும்தான் சொல்லும். விழக்கூடாது என்று உறுதியாக இருந்தவர் விழுந்தும் இருக்கலாம். அதைத் தனி வாக்கியமாக எழுத வேண்டும். பின்லாந்தில் பிறந்த லௌரி கார்ட்டுனென் என்ற மொழியியலாளர் 1971-ல் வினைச்சொற்களில் இந்தக் குணத்தைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை எழுதினார். 'ரிமெம்பர்ட் டு லாக்' என்றால் பூட்டியாயிற்று, 'டிட் நாட் ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்டவில்லை. நடந்ததா என்ற செய்தியைச் சில சொற்கள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன.

ஆங்ஷியஸ் என்றதும் உன் வார்டில் இருக்கிற வயசானவர்கள் ஞாபகம் வருகிறது. 'நாட் ஆங்ஷியஸ் டு கோ ஹோம்' என்று எழுதினால் வீட்டுக்குப் போக அவருக்கு அவசரம் ஒன்றுமில்லை. 'ஆங்ஷியஸ் நாட் டு கோ ஹோம்' என்றால் ஐயோ வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று அவர் தவிக்கிறார். இரண்டாவது ஆளிடம் யாராவது உட்கார்ந்து, வீட்டில் என்ன என்று கேட்க வேண்டும். நீ 'நாட்'-டை முன்னால் தள்ளிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

'அஃப்ரெய்ட்' கூட அப்படித்தான். 'அஃப்ரெய்ட் டு ஈட்' என்பவர் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று சாப்பிடப் பயப்படுகிறார். 'அஃப்ரெய்ட் நாட் டு ஈட்' என்பவர் சாப்பிடாவிட்டால் என்ன ஆகுமோ என்று பயந்து விழுங்குகிறார். இதில் 'நாட்'-டை இடம் மாற்றக்கூட வேண்டாம், மறந்துவிட்டாலே போதும்.

எல்லா அட்ஜெக்டிவும் 'நாட் டு'-வை ஏற்றுக்கொள்ளாது. 'ஏபிள் நாட் டு' என்று யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லை. 'ரிலக்டன்ட் நாட் டு' காதில் இடறும், ரிலக்டன்ட்டுக்குள்ளேயே ஒரு 'மாட்டேன்' இருக்கிறது அல்லவா. ஆனால் 'ஏபிள் நாட் டு' ஒரு இடத்தில் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ என்ற பழைய ஊரின் பிஷப் அகஸ்டின் லத்தீனில் இரண்டு நிலைகளைப் பிரித்தார்: போஸே நோன் பெக்காரே, நோன் போஸே பெக்காரே. ஆங்கிலத்தில் முதலாவது 'ஏபிள் நாட் டு சின்', இரண்டாவது 'நாட் ஏபிள் டு சின்'. ஆதாமுக்குக் கிடைத்தது பாவம் செய்யாதிருக்க முடிகிற நிலை. பரலோகத்தில் கிடைப்பது பாவம் செய்யவே முடியாத நிலை. 'நோன்' ஒரு அடி தள்ளி நின்றதில் ஏதேனுக்கும் மோட்சத்துக்கும் உள்ள தூரம். பைபிள் ஸ்டடியில் இதைக் கேட்ட அன்று நான் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அளவுக்கு மீறி என்று பொருள்படும் 'டூ'-வையும் சொல்லிவிடுகிறேன். அதை எடுத்துவிட்டு வாக்கியத்தை மாற்றி எழுதும் 'ரிமூவ் டூ' பயிற்சியைப் பள்ளியில் பத்துத் தடவை எழுதியிருப்பாய். 'டூ வீக் டு வாக்' என்றால் நடக்க முடியாத அளவு பலவீனம். அந்த 'டூ'-வுக்குள் ஒரு இல்லை ஒளிந்திருக்கிறது. அதோடு 'நாட்' சேர்ந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். 'டூ இல் நாட் டு பி மூவ்டு' என்றால் உடனே மாற்றியே ஆக வேண்டிய அளவு உடம்பு மோசம். அசதியான நேரத்தில் இதை எழுதாதே. 'மஸ்ட் பி மூவ்டு' என்று நேராக எழுது.

'ஹார்ட் நாட் டு' மட்டும் எனக்குப் பிடித்தது. 'இட் வாஸ் ஹார்ட் நாட் டு க்ரை' என்றால் அழாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. அழுதார்களா என்பதை அது சொல்லாது, கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நீ உள்ளே போன பிறகு அப்பா கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் கார் வரைக்கும் சமாளித்தேன்.

சிஸ்டரிடம் போய், தப்பு என் வரியில், அந்தப் பெரியவர் சொன்னபடிதான் நடந்தார் என்று சொல்லிவிட்டாயா? இல்லையென்றால் நாளைக்கே சொல். பழைய வரியை எப்படித் திருத்துவது என்றும் அவரிடமே கேட்டுக்கொள். அப்புறம் பெரியவரிடமும் போய்ச் சொல், மக்களே. எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசிக்காதே. ஸாரி என்றாலே அவருக்குப் புரியும்.

அவர் காலை ஊன்ற எப்போது விடுவார்கள்? அடுத்த தடவை பேசும்போது சொல். அப்பாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா