பிள்ளைக்குப் பிள்ளை மாறும் வினாத்தாள்: ஏற்காட்டுப் பள்ளிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வுகளைக் கணினிக்கு மாற்றுவது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். வேண்டும் என்பவர்கள் வேகத்தையும் செலவையும் சொல்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள் கரண்ட்டையும் நெட்டையும் சொல்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். ஆனால் தாளில் இருந்த அதே கேள்விகளைத் திரையில் காட்டுவதற்கு இவ்வளவு பாடு எதற்கு? தாளால் முடியாத ஒன்றைக் கணினியால் செய்ய முடியும். பிள்ளை தரும் பதிலைப் பார்த்து, அடுத்த கேள்வியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கும். தகவமைவுத் தேர்வு என்று இதைச் சொல்கிறார்கள். ஏற்காடு மலையில் பல வருடங்கள் கணக்கு எடுத்தவள் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தாள் கட்டைப் பிரித்தால் 9, 11, 14 என்று மதிப்பெண் வாங்கும் தாள்கள் எப்போதும் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் வரவில்லை என்பது கட்டைப் பிரிக்கும் முன்பே எனக்குத் தெரியும். எது வரும் என்பதுதான் தெரியாது. கடன் வாங்கிக் கழிப்பார்களா, பின்னம் என்றால் என்னவென்று பிடிபட்டிருக்கிறதா என்பதை அந்தத் தாள் கேட்பதே இல்லை. ஒரு பையன் ஏதோ ஒரு கணக்கின் நடுவில் 3024-ஐ 6-ஆல் வகுத்து 54 என்று எழுதியிருந்தான். 504 வர வேண்டும். 30-ல் ஐந்து முறை, மீதி இல்லை, அடுத்த 2-ல் 6 போகாது, அங்கே ஒரு பூஜ்ஜியம் போட வேண்டும். அந்தப் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டான். நாலாம் வகுப்பில் அவன் எங்கே நின்றுபோனானோ அந்த இடம் அதுதான். தற்செயலாக அந்த வகுத்தல் வந்ததால் என் கண்ணில் பட்டது. மதிப்பெண் பட்டியலில் அவனும் மற்ற 11 மார்க் பிள்ளைகளும் ஒன்றுதான்.

அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து வாயால் கேட்டால் பத்து நிமிடத்தில் முழு நிலவரமும் தெரிந்துவிடும். ஏழாம் வாய்ப்பாடு வரவில்லையா, மூன்றாம் வாய்ப்பாட்டைக் கேட்போம். அது வந்துவிட்டதா, ஐந்துக்குப் போவோம். நாற்பது பேருக்கும் இப்படிச் செய்ய எந்த ஆசிரியருக்கும் நேரம் கிடையாது. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே குழந்தைகளுக்கு அமைத்த தேர்வின் வழியில் வந்த பல தேர்வுகளும் ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்து, அதன் நிலைக்கு ஏற்ப மேலேயும் கீழேயும் போய்க் கேட்பவைதான். இதையே ஆயிரம் பேருக்கும் செய்ய வழி தந்தவர்கள் பின்னால் வந்த ஆய்வாளர்கள்: டென்மார்க்கின் கியோர்க் ராஷ், அமெரிக்காவின் ஃபிரெடரிக் லார்ட், 1970-களில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கணினியில் இதைச் சோதித்த டேவிட் வைஸ்.

அவர்கள் செய்த முக்கியமான காரியம், கேள்வியின் கடினத்தையும் பிள்ளையின் திறனையும் ஒரே அளவுகோலில் வைத்ததுதான். அதனால் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு கேள்விகளுக்கு விடை எழுதினாலும் இருவரையும் ஒப்பிட முடிகிறது. சரியான விடைக்கு அடுத்து சற்றுக் கடினமான கேள்வி, தவறினால் சற்று எளிய கேள்வி. ஏறக்குறைய பாதிக் கேள்விகளிலேயே முழு நீளத் தாளின் துல்லியம் வந்துவிடும் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும், தாளில் 154 கேள்வி இருந்த எஸ்.ஏ.டி. தேர்வு இந்த முறைக்கு மாறியதும் 98 கேள்வி ஆனது.

நம் வீட்டுப் பெண்களுக்கும் இது பழக்கமானதுதான். செவிலியர் படித்துவிட்டு அமெரிக்கா போக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 1994 முதல் இப்படித்தான் நடக்கிறது. இப்போது குறைந்தது 85 கேள்வி, அதிகம் போனால் 150. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்பதில் 95 சதவீத உறுதி கிடைத்ததும் கணினி நிறுத்திக்கொள்ளும். என் அண்ணன் மகள் பெங்களூரு போய் எழுதினாள். 85-ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டது. கடைசியில் வந்த கேள்விகள் எல்லாம் படு கஷ்டம், நான் ஃபெயில்தான் அத்தை என்று பஸ்ஸில் இருந்தே போனில் அழுதாள். பாஸாகியிருந்தாள். நன்றாக எழுதுகிறவருக்குத்தான் கேள்வி கடினமாகிக்கொண்டே போகும். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பாதிக் கேள்விதான் சரியாக வரும். இதை முன்கூட்டியே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளக்காமல் கொண்டுவந்தால் வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளைதான் முதலில் உடைந்துபோகும்.

இன்னொன்றும் இருக்கிறது. தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, கடைசியில் திரும்பி வா என்று நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். கேள்விக்குக் கேள்வி மாறும் தேர்வில் அது நடக்காது. பதில் சொன்னால்தான் அடுத்தது வரும், என்கிளெக்ஸில் திரும்பிப் போகவும் முடியாது. எஸ்.ஏ.டி. வேறு வழியில் போகிறது. முதலில் எல்லோருக்கும் கலவையான ஒரு தொகுதி. அதில் எப்படி எழுதினார்களோ அதைப் பொறுத்து எளியதாகவோ கடினமாகவோ இரண்டாம் தொகுதி. தொகுதிக்குள் முன்னும் பின்னும் போய்த் திருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வும் 1993-இல் கேள்விக்குக் கேள்வி மாறுவதாகத் தொடங்கி 2011-இல் இப்படிப் பகுதி பகுதியாக மாறிக்கொண்டது. எஸ்.ஏ.டி.யில் தேர்வு முன்கூட்டியே கணினியில் இறங்கிவிடுவதால், நடுவில் நெட் போனாலும் எழுதிக்கொண்டே இருக்கலாம். மழைக்காலத்தில் ஏற்காட்டில் பாடம் நடத்திய யாருக்கும் இதன் அருமை புரியும். எனவே நமக்கு இந்தத் தொகுதி முறைதான் தோதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. கேள்விக்குக் கேள்வி மாறும் தேர்வில் ஆரம்பத்தில் தடுமாறிய பிள்ளை போகப் போகச் சரிசெய்துகொள்ள இடமுண்டு. இரண்டே தொகுதி என்றால் முதல் தொகுதியில் சறுக்கியவருக்கு ஏறி வர வழி குறைவு. அதனால் முதல் தொகுதியின் கேள்விகள் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி நியாயமாக இருந்தாக வேண்டும். இங்கேதான் எனக்குக் கவலை.

மாடிக்குப் போகும் லிஃப்டை வைத்து ஒரு முழுக்கள் கணக்கு இருந்தது. தரைத்தளம் பூஜ்ஜியம், கீழே இரண்டு தளம் வாகன நிறுத்தம், மைனஸ் இரண்டிலிருந்து ஐந்தாம் தளம் போக எத்தனை தளம் ஏற வேண்டும் என்று. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் முழித்தார்கள். லிஃப்டையே பார்த்ததில்லை. கட்டடத்துக்குக் கீழே எப்படித் தளம் இருக்கும் என்று ஒரு பெண் கேட்டாள். அதையே கிணற்றுக்கு மாற்றி, தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே எட்டடி, மேலே தொட்டி பத்தடி உயரத்தில், எத்தனை அடி ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். பாதி வகுப்பு பட்டென்று பதினெட்டு என்றது. இரண்டும் ஒரே கணக்குதான். சேலம் நகரத்து ஐந்து ரோட்டுப் பிள்ளைக்கும் ஏற்காட்டு மலையின் மஞ்சக்குட்டைப் பிள்ளைக்கும் ஒரே திறன் இருந்தும் ஒரு கேள்வி ஒருவருக்கு மட்டும் கடினமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் புள்ளியியலில் முறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட கேள்விகளை, கணினியில் சேர்த்து வைத்திருக்கும் வினாவங்கியிலிருந்து எடுத்துவிடவும் முடியும். ஆனால் அதற்கு மஞ்சக்குட்டைப் பிள்ளைகளும், கேள்விகளைச் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டத்தில் அந்தக் கேள்விகளை எழுதியிருக்க வேண்டும். ஒரு கேள்வியின் கடினத்தை நிர்ணயிக்கச் சில நூறு பிள்ளைகளாவது விடை எழுத வேண்டும், நுணுக்கமான கணக்கீடுகளுக்கு ஆயிரம் வரை. இந்த எண்ணிக்கையைச் சென்னையிலும் கோவையிலும் சுலபமாகச் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

நுழைவுத் தேர்வுகளுக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன், இப்போதைக்காவது. 1994-இல் அமெரிக்காவில் காப்லான் என்ற பயிற்சி நிறுவனம் தன் ஆட்களை ஜி.ஆர்.இ. எழுத அனுப்பி, அவர்கள் நினைவில் கொண்டுவந்த கேள்விகளை வைத்தே வினாவங்கி எவ்வளவு சிறியது என்று காட்டிவிட்டது. வழக்கு வரை போனது. பயிற்சி மையங்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அது நடக்க எத்தனை நாள் ஆகும்? ஜே.இ.இ. மெயினில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் தாள் மாறுவதையே பெற்றோரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிள்ளைக்குப் பிள்ளை மாறினால் கேட்கவே வேண்டாம்.

பள்ளிக்குள் அந்தப் போட்டி இல்லை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சிறு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பாடம் நடத்துகிறோம். மேல் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 2025-இல் திறன் இயக்கம் வந்தது. இரண்டுமே, பிள்ளை எங்கே நிற்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் பலன் தரும். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததும் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேபில் அரை மணி நேரம் கணக்குக்கு மட்டும் ஒரு தகவமைவுத் தேர்வு வையுங்கள். முடிவு மாவட்டத் தரவரிசைக்குப் போகக் கூடாது, வகுப்பாசிரியருக்கு மட்டும் வர வேண்டும். 38 மதிப்பெண் என்று வந்து பயனில்லை. வகுத்தலில் இடையே பூஜ்ஜியம் வரும்போது தடுமாறுகிறார், பின்னங்களை ஒப்பிடத் தெரிகிறது, கூட்டத் தெரியவில்லை என்று வர வேண்டும். கேள்விகள் தமிழிலேயே எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மாற்றிய கேள்வியில் பிள்ளை கணக்கைத் தொடும் முன்பே வாக்கியத்தில் தடுக்கி விழுகிறது.

கல்வித் துறை முன்னோட்டம் நடத்தினால் நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கத்துப் பள்ளிகளையும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் வைப்பது நல்லது. நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கப் பெரியவர்களோடு பிள்ளைகளும் போய்விடுவார்கள், வகுப்பில் பாதிப் பேர்தான் இருப்பார்கள். கேள்விகளைப் பார்த்துச் சொல்ல அங்குள்ள ஆசிரியர்களில் சிலரை அழைத்தால் வருவார்கள். ஓய்வு பெற்றிருந்தாலும் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.