சாயத்தை மட்டும் எடுக்கும் என்றீர்கள், என் சொந்த நிறமும் போய்விட்டது

அனுப்புநர்:
வாடிக்கையாளர், காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: சாயநீக்கியால் முடி பாழானது, பணத்தைத் திருப்பித் தரவும் அட்டை வாசகத்தை மாற்றவும் கோருதல்.

ஐயா/அம்மா, வணக்கம்.

உங்கள் சாயநீக்கியைக் காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கிப் பயன்படுத்தினேன். "சாயத்தை மட்டும் நீக்கும், இயற்கை நிறம் திரும்பும், முடியை வெட்ட வேண்டாம்" என்று அட்டையின் முன்பக்கத்தில் தமிழில் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். இதில் ஒன்றுகூட உண்மையில்லை.

பல வருடங்களாகக் கருப்பு டை அடித்துவந்த நான், நரை நரையாகவே இருக்கட்டும் என்று முடிவெடுத்து நிறுத்தினேன். எங்கள் பக்கத்தில் ஆச்சிமார் வெள்ளை முடியைக் கொண்டை போட்டுக்கொண்டு விசேஷங்களுக்கு வரும் அழகைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். எனக்கும் அப்படி இருக்கத்தான் ஆசை. ஆனால் இடுப்பு வரை இருக்கும் முடியைக் குட்டையாக வெட்ட மனமில்லை. முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும். அதனால் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நுனியில் ஒரு விரற்கடை மட்டும் வெட்டிவந்தேன். மேலே சொந்த முடி இறங்க இறங்கக் கீழே சாயம் குறையும், நீளமும் போகாது. முழுதாக மாற ஐந்தாறு வருடம் ஆகும் என்று தெரிந்தேதான் தொடங்கினேன். கருப்பும் வெள்ளையும் கலந்த என் முடி காதைத் தாண்டி இறங்கியும் விட்டது.

கானாடுகாத்தானில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம் வந்தது. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று தெரிகிற அந்தக் கோடு மறைந்தால் நன்றாக இருக்குமே என்று உங்கள் பாக்கெட்டை வாங்கினேன். உள்ளே இருந்த தாளில் சொன்னபடி முதலில் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன். "இயற்கை முடியைத் தொடாது, வேர் முதல் நுனி வரை பூசவும்" என்றிருந்ததால் அப்படியே பூசி, சொன்ன நேரத்தில் அலசினேன். டை இருந்த பகுதி திட்டுத் திட்டாக ஆரஞ்சு நிறமானது. அதைவிடக் கொடுமை, புதிதாக வளர்ந்த பகுதியில் கருப்பாக இருந்த முடியும் செம்பட்டையாகிவிட்டது. இவ்வளவு காலம் பொறுத்து வளர்த்தது அதுதான். இப்போது ஈரத்தில் முடி ரப்பர் போல இழுபட்டு அறுகிறது. சீப்பு வைக்கவே பயமாக இருக்கிறது.

அப்புறம்தான் பின்பக்கத்துப் பொடி ஆங்கில எழுத்தை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அமோனியம் பெர்சல்ஃபேட், ஹைட்ரஜன் பெராக்சைடு. இது பிளீச். பிளீச் டையையும், முடிக்குச் சொந்த நிறம் தரும் மெலனினையும் பிரித்துப் பார்க்காது, இரண்டையும் சிதைக்கும். டையை மட்டும் சுருக்கி வெளியேற்றும் வேறு வகை நீக்கிகள் இருக்கின்றன. அவற்றாலும் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியாது. நிரந்தர டை அடிக்கும்போதே அதிலுள்ள பெராக்சைடு மெலனினை ஓரளவு அழித்துவிடுகிறது. வளர்ந்துவிட்ட முடியில் அது மறுபடி உருவாகாது. வேரிலிருந்து புதிதாக வருவது மட்டுமே இயற்கை நிறம். தலைமுடிக்குப் பொருள் தயாரிக்கும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

உங்கள் சேவை எண்ணில் பேசிய பெண், எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் என்றார். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பெயர் பெற்ற ஊர் இது, எங்கள் வீட்டுக் குழாயிலும் நல்ல தண்ணீர்தான் வருகிறது. அடுத்து, உங்கள் கம்பெனியின் கருப்பு டையை அடித்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று, நான் கேட்காமலே தீர்வு சொன்னார். டையை விட்டு வெளியே வரப் பாடுபடும் ஒருத்தியிடம் சொல்லும் பதிலா இது?

பாக்கெட்டின் விலையையும், அறுந்த பகுதியை வெட்டிச் சீராக்கப் பார்லரில் கொடுத்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும். பில்களும் படங்களும் இணைத்துள்ளேன். "இயற்கை நிறம் திரும்பும்" என்ற வரியை அட்டையிலிருந்து எடுங்கள். இது பிளீச், புதிதாக வளர்ந்த முடியில் படக்கூடாது என்று முன்பக்கத்திலேயே தமிழில் போடுங்கள். என்னைப் போல நரையை வளர்க்கும் பெண்கள்தான் இதை நம்பி வாங்குகிறார்கள்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.